டேலி போதாதா?

கேள்வி: மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள். பிசினஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். ‘டேலி கத்துக்கிட்டா போதாதா?’ என்கிறார் அவள் அப்பா.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அப்பா சொல்வது பாதி சரி, அம்மா. டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் தெரிந்தால் வேலை கிடைக்கும். ஆனால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியை நினைத்துப் பாருங்கள். எந்தத் தோல், என்ன நிறம், எந்த சைஸில் எத்தனை ஜோடி, கட்டிங் முடிந்ததா, தையலில் நிற்கிறதா... ஸ்டோர்காரர் நோட்டில் ஒன்று எழுதியிருப்பார், அக்கவுண்ட்ஸ்காரரின் எக்செல்லில் வேறொன்று இருக்கும். கப்பல் தேதியோ யாருக்காகவும் நிற்காது. இதையெல்லாம் ஒரே டேட்டாபேஸில் சேர்க்கும் சாஃப்ட்வேர்தான் ஈஆர்பி. அதில் பேர்போன எஸ்ஏபி நிறுவனத்தை 1972-ல் ஜெர்மனியில் தொடங்கியவர்கள், ஐபிஎம்மில் வேலை பார்த்த ஐந்து பேர். எந்தத் தகவல் எங்கே பிறந்து யாருக்குப் போகணும் என்று வகுப்பதே உங்கள் மகள் கேட்கும் படிப்பு.

இதே பெயரில்தான் வேண்டும் என்று அலையாதீர்கள். பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், பி.சி.ஏ. எல்லாம் பக்கத்துச் சொந்தங்கள்தான். வேலூரோ காட்பாடியோ, சேர்க்கும் முன் சிலபஸை வாங்கிப் பாருங்கள். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி), சிஸ்டம் அனாலிசிஸ் (கம்பெனிக்கு என்ன சிஸ்டம் வேண்டும் என்று அலசுவது), காஸ்ட் அக்கவுண்டிங் (அடக்கவிலைக் கணக்கு) மூன்றும் இருக்கணும். லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டேலியை லீவில் கற்றுக்கொள்ளட்டும், அப்பாவுக்கும் திருப்தி.