டிரம்ஸ் பழகும் பிள்ளைக்கு எந்தப் பாட்டு?

வாசகர் கேள்வி – பதில்

எட்டு வயது மகள் சில மாதங்களாக டிரம்ஸ் கற்கிறாள். அடிப்படை பீட் ஒன்று கைக்கு வந்துவிட்டது. "பாட்டோடு சேர்ந்து வாசிக்கணும்" என்று கேட்கிறாள். எனக்கு இசை தெரியாது. பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு இசை தெரிய வேண்டியதில்லை. காதும் ஒரு கடிகாரமும் போதும்.

பாட்டை ஓடவிடுங்கள். பாடுகிறவரை மறந்துவிட்டு, 'டப்' என்று கூர்மையாக விழும் ஸ்னேர் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதோடு கைதட்டுங்கள். ஒரு நிமிடம் முழுக்கத் தடுமாறாமல் தட்ட முடிந்தால் அந்தப் பாட்டு உங்கள் மகளுக்கு ஆகும். நடுவில் ஸ்னேர் காணாமல் போனாலோ, வேறு வாத்தியங்களில் மூழ்கிப்போனாலோ, இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகள் தொடக்கத்தில் பாட்டோடு ஒட்டிக்கொள்வதே அந்த ஒரு சத்தத்தை வைத்துத்தான்.

அடுத்தது வேகம். பெரும்பாலான பாட்டுகளில் ஸ்னேர் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் விழும். முப்பது வினாடியில் எத்தனை முறை தட்டினீர்கள் என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 20 தட்டு என்றால் நிமிடத்துக்கு 80 பீட், அதாவது 80 எண்ணிக்கை. முதல் பாட்டு 75-லிருந்து 100-க்குள் இருக்கட்டும். வேகம் காட்டும் கைபேசிச் செயலி 160 என்று காட்டி, உங்கள் கணக்கில் 80 வந்தால் குழம்ப வேண்டாம். செயலிகள் சில நேரம் இரட்டிப்பாகக் காட்டும். கைதட்டிய கணக்கையே நம்புங்கள்.

மெதுவான பாட்டுதான் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 60-இல் ஓடும் பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழுதாக ஒரு வினாடி இடைவெளி. அந்த வெற்றிடத்தைப் பிள்ளையால் தாங்க முடியாது, கை முந்திக்கொண்டு விழும். 120-க்கு மேல் போனாலோ ஹை-ஹாட்டில் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைத் தட்டு) வினாடிக்கு நான்கு அடி விழ வேண்டும். மணிக்கட்டு இறுகி, முழங்கையிலிருந்து அடிக்கத் தொடங்கிவிடுவாள். அந்தப் பழக்கம் வந்தால் மாற்றுவது பெரும்பாடு.

கடைசியாக ஒன்று. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பீட் ஓடும் பாட்டாக, மூன்று நிமிடத்தை ஒட்டியதாகப் பாருங்கள். நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று மறுபடி எழும் பாட்டுகள் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மறுபடி உள்ளே நுழைய முடியாமல் பிள்ளை அங்கேயே கைவிட்டுவிடும்.

பொதுவாகச் சொல்லாமல், இதில் ஆரம்பிக்கலாம் என்று ஒன்றிரண்டு பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்லுங்களேன்.

குயின் குழுவின் 'வி வில் ராக் யூ' (1977). வேகம் 80-ஐ ஒட்டியது. பாட்டு முழுவதையும் தாங்குவது இரண்டு மிதி, ஒரு தட்டு. இதை 'கிக்-கிக்-ஸ்னேர்' என்று அப்படியே வாசிக்கலாம் (கிக் என்பது காலால் பெடலை மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்). ஹை-ஹாட்டே தேவையில்லை, அதனால் கையும் காலும் இன்னும் ஒத்துவராத பிள்ளைக்கும் பொருந்தும். இதில் சறுக்கும் இடம் ஒன்றுதான். தட்டுக்குப் பிறகு ஒரு மௌனம் இருக்கிறது. பிள்ளை அதை விழுங்கிவிட்டு அடுத்த கிக்குக்குப் போய்விடும். அந்த இடத்தில் வாயால் "ம்" சொல்லச் சொல்லுங்கள். கிக், கிக், ஸ்னேர், "ம்". சொல்லிக்கொண்டே வாசித்தால் முந்திக்கொண்டு ஓடுவது நின்றுவிடும்.

இரண்டாவது, மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' (1982). தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிப்பதால் எது கிக், எது ஸ்னேர், எது ஹை-ஹாட் என்று பிரித்துக் கேட்க முடியும். ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், 'ஒன்-அண்ட்-டூ-அண்ட்' என்று பாருக்கு (நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) எட்டு ஹை-ஹாட். பாடத்தில் கற்கும் அதே அடிப்படை பீட்தான். வேகம் 117 என்பதால் முதலில் முக்கால் வேகத்தில் (0.75) ஓடவிடுங்கள், 88 அளவுக்கு இறங்கும். பாட்டு நீளமானது. முதல் இரண்டு நிமிடம் போதும்.

இவற்றோடு நின்றுவிட வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகளையும் கைதட்டல் சோதனைக்கு உட்படுத்துங்கள். வரி வரியாக மனப்பாடமான பாட்டில் அடுத்து என்ன வரும் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும், அது பெரிய பலம்.

மகனுக்குப் பிடித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. அதில் தபலா, டோலக், இன்னும் என்னென்னவோ சேர்ந்து ஒலிக்கிறது. டிரம் கிட்டில் உட்கார்ந்தால் எதுவும் பொருந்தவில்லை. தாளமே வரவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

தாளத்தில் குறை இருக்காது. அந்தப் பாட்டில் நீங்கள் கேட்பது ஒரே ஆள் வாசிக்கும் பகுதியே அல்ல. பல கைகள் வாசித்ததையும் கணினியில் திரும்பத் திரும்ப ஓடும்படி செய்த லூப்களையும் அடுக்கடுக்காகச் சேர்த்துப் பதிவு செய்திருப்பார்கள். அத்தனையையும் இரண்டு கை, ஒரு காலில் கொண்டுவர நினைத்தால் எந்தப் பிள்ளையும் திணறும். அடியில் 'தும்' என்று ஒலிப்பதைக் கிக்குக்குக் கொடுங்கள், கைதட்டல் போல விழுவதை ஸ்னேருக்குக் கொடுங்கள். மிச்சம் எல்லாம் பாட்டிலேயே ஓடட்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாட்டின் நடை நான்கா, மூன்றா? பாட்டோடு நிதானமாகக் கைதட்டிக்கொண்டே, ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாயால் "தகதிமி" சொல்லிப் பாருங்கள். இடிக்கிறதா? "தகிட" சொல்லுங்கள். "தகிட தகிட" என்று வழுக்கிக்கொண்டு போனால் அது டிரம்மர்கள் 'சிக்ஸ் எய்ட்' என்று சொல்லும் ஆறு எண்ணிக்கைப் பாட்டு. பாடத்தில் கற்ற எட்டு ஹை-ஹாட் பீட்டை அதன்மேல் வைத்தால் முதல் ஓரிரு அடி சேருவது போலிருக்கும், உடனே விலகிவிடும். பிள்ளை தப்பாக வாசிக்கிறது என்று நாம் முடிவுகட்டுவது இங்கேதான். தவறு தேர்வில் இருக்கிறது, கையில் இல்லை.

ஆறுக்கு உரிய பீட் எளிதானது. ஹை-ஹாட்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை சமமாக ஆறு அடி. ஒன்றில் கிக், நான்கில் ஸ்னேர். பாட்டில்லாமல் ஒரு வாரம் இதை மட்டும் வாசிக்கட்டும். பிறகு பாட்டு. வேகத்தை மட்டும் வேறு கணக்கில் பாருங்கள். இங்கே ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று ஹை-ஹாட் விழுவதால், நிமிடத்துக்கு 70 தட்டு வரும் ஆறு எண்ணிக்கைப் பாட்டும், 105-இல் ஓடும் நான்கு நடைப் பாட்டும் கைக்குத் தரும் வேலை ஒன்றுதான். 70-ஐத் தாண்டாத பாட்டாக எடுங்கள்.

பீட் நன்றாகப் போகிறது. ரோல் வந்தால் மட்டும் பாட்டை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறான். எப்படி நிறுத்துவது?

பழகுகிற எல்லாரிடமும் இது உண்டு. காரணங்கள் இரண்டு. ரோல், அதாவது பீட்டை விட்டு மற்ற டிரம்களில் உருட்டி அடிக்கும் இடம், என்றாலே வேகம் என்று பிள்ளை நினைத்திருக்கும். டாமுக்கு (ஸ்னேரைத் தவிர கையால் அடிக்கும் மற்ற டிரம்கள்) கை நகர்ந்ததும் கால் பெடலை விட்டுவிடும். அதுவரை நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது கால்தான், அது நின்றதும் கை தன்போக்கில் ஓடுகிறது.

முதலில் ரோலை எடுத்துவிடுங்கள். மூன்று பார் பீட், நான்காவது பாரில் எதையும் அடிக்காமல் வாயால் மட்டும் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்", அடுத்த 'ஒன்'னில் கிக்கும் கிராஷும் (ஓங்கி அடிக்கும் பெரிய தட்டு) ஒன்றாக. அந்த மௌனமான பாரைக் கடந்து பாட்டோடு சரியாக இறங்க முடிகிற வரை இதுதான் பயிற்சி. சலிப்பாக இருக்கும், ஆனால் ரோலுக்கு எவ்வளவு இடம் என்பது உடம்பில் பதிவது இப்படித்தான்.

பிறகு அந்தப் பாரில் நான்கே அடி. ஒன்றும் இரண்டும் ஸ்னேர், மூன்று டாம், நான்கு ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டாம்). நான்கிலும் கிக் கூடவே விழ வேண்டும். இது நின்ற பிறகு எட்டு அடி. பதினாறு அடி ரோலுக்கு அவசரமே இல்லை. பாட்டில் டிரம்மர் பதினாறு வாசித்திருந்தாலும் உங்கள் மகன் நான்கு வாசிக்கலாம், பாட்டு அதை ஏற்றுக்கொள்ளும். ரோல் எட்டு பாருக்கு ஒருமுறை வருகிற பாட்டாகப் பார்த்து எடுங்கள். நான்கு பாருக்கு ஒன்று வந்தால் பீட்டில் நிலைகொள்ளவே நேரம் கிடைக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டு அவன் காதில் விழுகிறதா? டிரம்ஸ் சத்தத்தில் ஸ்பீக்கர் அமுங்கிப்போனால் அவன் நினைவிலிருந்துதான் வாசித்துக்கொண்டிருப்பான். கைபேசியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து சேர்ந்து கேளுங்கள். எந்தப் பாரில் விலகுகிறது என்று அவனே சொல்லிவிடுவான்.

பாட்டு தொடங்கியதும் கிக் விழ வேண்டிய இடத்தில் ஸ்னேரும், ஸ்னேர் இடத்தில் கிக்கும் விழுகிறது. கடைசி வரை தலைகீழாகவே போகிறாள்.

பாடகர் வாய் திறக்கும் இடத்தை 'ஒன்' என்று எடுத்துக்கொள்கிறாள். பல பாட்டுகளில் எடுப்பு தாளத்தின் முதல் அடிக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி இருக்கும். பாட்டு வரியை நம்பி நுழைந்தால் தலைகீழாகத்தான் முடியும். இரண்டு பார் வெறுமனே எண்ணிவிட்டு, அடித்தளத்தில் பேஸ் கிட்டார் கனமாக விழும் இடத்தில் நுழையச் சொல்லுங்கள். முதல் பாட்டுகளுக்கு, வாத்தியங்கள் மட்டும் நான்கு பாராவது ஓடிய பிறகு பாடல் தொடங்குவதாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

ஐந்து வயதுப் பையன். கால் பெடலுக்கு எட்டவில்லை. பாட்டு வாசிக்கக் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நின்றுகொண்டே வாசிக்கட்டும். வலது கை ஃப்ளோர் டாமில் கிக்கின் வேலையைச் செய்யட்டும், இடது கை ஸ்னேரில். 'தும் – டப் – தும் – டப்' என்று நடக்கிற வேகத்தில் போகும் எந்தப் பாட்டும் சரி. ஸ்டிக் 7ஏ அளவில் வாங்குங்கள். 5ஏ இந்தக் கைக்குத் தடிமன். எட்டாத பெடலுக்காக இருக்கையின் நுனியில் உட்கார வைப்பது மட்டும் கூடாது, முதுகு வளைந்தே பழகிவிடும்.

வேகத்தைக் குறைத்து ஓட்டுவது, டிரம்ஸ் நீக்கிய பாட்டு, வெறும் மெட்ரோனோம். எதை எப்போது பயன்படுத்துவது?

முதலில் டிரம்ஸ் உள்ள அசல் பாட்டு, தேவையென்றால் 0.75 வேகத்தில். அதற்கும் கீழே போனால் ஸ்னேரின் கூர்மை மழுங்கி, அடி எங்கே விழுகிறது என்பதே தெளிவாகக் கேட்காது. அப்படிக் குறைத்தால்தான் முடியும் என்றால் பாட்டை மாற்றுங்கள். முழு வேகம் கைக்கு வந்த பிறகு டிரம்ஸ் நீக்கியது. அசலில் மறைந்திருந்த தடுமாற்றம் அதில் வெளிப்படும். சீராக 'டிக் டிக்' என்று வேகம் காட்டும் மெட்ரோனோம் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம், பாட்டுக்கு முன்னால், அதே பாட்டின் வேகத்தில்.

ஹெட்போனில் பாட்டு, வெளியே டிரம்ஸ். காதுக்கு ஆபத்தில்லையா?

உண்டு. டிரம்ஸை மீறிக் கேட்க வேண்டும் என்று பிள்ளை பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், இரண்டு சத்தமும் சேர்ந்து காதில் இறங்கும். பணியிடப் பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். சிறிய அறையில் டிரம் கிட் அந்த 100-ஐ எளிதாகத் தொடும். அந்தக் கணக்கு பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

வெளிச்சத்தத்தைத் தடுக்கும், காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்குங்கள். இல்லையென்றால் சிறிய இயர்போன் போட்டு அதன்மேல் காது மூடி. வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டைக் குறைந்த ஒலியிலேயே கேட்கலாம். புதுப் பாட்டின் பீட்டை முதலில் பிராக்டிஸ் பேடில் (சத்தமில்லாமல் பழகும் ரப்பர் தட்டு) கற்று, தெரிந்த பிறகு கிட்டுக்கு வந்தால் சத்தத்தில் கழியும் நேரமும் குறையும்.

ஒரு பாட்டு முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாதி வந்ததுமே வேறு பாட்டு கேட்கிறாள்.

தப்பே இல்லாமல் வாசிப்பதை அளவாக வைக்காதீர்கள். தப்பு வந்தாலும் நிறுத்தாமல் கடைசி வரை போகிறாளா என்று பாருங்கள். ஓர் அடி தவறினால் நின்று முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் இருந்தால், அதற்குத்தான் முதல் வைத்தியம். ஸ்னேர் தவறினாலும் ஹை-ஹாட் கை நிற்கக் கூடாது.

அடுத்த பாட்டுக்கு ஆசைப்படுவதைத் தடுக்க வேண்டாம். பழகும் பாட்டு ஒன்று, நன்றாக வருகிற பழைய பாட்டு ஒன்று, கைக்கு மீறிய ஆசைப் பாட்டு ஒன்று என்று கையில் வைத்திருக்கலாம். ஆசைப் பாட்டில் வாசிக்க முடிகிற எட்டு பாரை மட்டும் வாசிக்கட்டும்.

பாட்டு உண்மையிலேயே வந்துவிட்டதா என்று பார்க்க, அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டின் ஒலியை நான்கு பாருக்கு முழுக்கக் குறையுங்கள். 80-இல் ஓடும் பாட்டில் அது 12 வினாடி. பிறகு மறுபடி கூட்டுங்கள். பாட்டும் அவளும் ஒரே இடத்தில் இருந்தால் அடுத்த பாட்டுக்குப் போகலாம். அவள் முந்தியிருந்தால் அந்த நான்கு பாரை வாயால் உரக்க எண்ணிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் ஹை-ஹாட் கை களைத்திருக்கும், எட்டு அடியை நான்காகக் குறைத்து மறுபடி சோதியுங்கள்.