காலர் சோக்கைத் தடுத்தா முழங்கையைப் பாருங்க

நண்பரே, பிரேசிலியன் ஜியு-ஜிட்சுல மவுண்ட்ல (மல்லாந்து கிடக்கிறவர் மேல ஏறி) உட்கார்ந்து, காலர் சோக்குக்காக (உடுப்போட காலரைப் பிடிச்சுக் கழுத்தை நெரிக்கிற பிடி) முதல் கையைக் காலருக்குள்ள விட்டதுமே எதிராளி ரெண்டு கையாலயும் உங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிறார், இழுத்து இழுத்து முன்கை மரத்துப்போகுதுன்னு எழுதியிருந்தீங்க. பெங்களூர்ல, இந்திராநகர்ல ஆபீஸ் முடிச்சு வர்ற எங்க பேட்ச்லயும் எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான்.

இழுக்காதீங்க. காலர்ல இருக்கிற கையை எடுக்கவும் வேண்டாம். கழுத்தை நெரிச்சுடுவீங்கங்கிற பயம் இருக்கிற வரைதான் அவர் கைகள் கழுத்துகிட்டயே நிக்கும், முழங்கை விலாவை விட்டு விலகும். 10 முறை உலக சாம்பியனான ரோஜர் கிரேசிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த மவுண்ட் காலர் சோக்தான்.

அப்போ ஆர்ம்பாருக்கு (கையை நேரா நீட்டி முழங்கை மூட்டைப் பூட்டுற பிடி) மாறுங்க. எந்த முழங்கை விலகுதோ, அந்தப் பக்க முழங்காலை அவர் காது வரைக்கும் ஏத்துங்க. மார்பு மேல கனத்தை இறக்கி, சும்மா இருக்கிற கையால அந்த முழங்கையை உங்க நெஞ்சோட அணைச்சுக்குங்க. அப்புறம்தான் முகத்தைத் தாண்டிக் காலைப் போட்டு, பின்னால சாயுங்க. முட்டி ரெண்டையும் நெருக்கி, அவர் கட்டைவிரல் மேல பார்க்கிற மாதிரி வச்சு, இடுப்பை மெதுவாத் தூக்குங்க. கால் தாண்டுறதுக்கு முன்னாடியே பின்னால சாய்ஞ்சா அவர் எழுந்து உங்க மேல வந்துடுவார். நான் மாசக்கணக்கா செஞ்ச தப்பு அது.

ஆர்ம்பாருக்குப் பயந்து முழங்கையை உடம்போட ஒட்டிக்கிட்டா கழுத்து திறந்திருக்கும், ரெண்டாவது கையை உள்ள விடுங்க. டேப் (தோத்துட்டேன்னு அவர் தட்டுறது) வந்த நொடியே பிடியை விட்டுடுங்க.