காரில் போனை எங்கே மாட்டுவது?

கேள்வி: கார் ஓட்டப் பழகி மூன்று மாதம் ஆகிறது. வழி பார்ப்பதற்காக போனை முன்கண்ணாடியின் நடுவில், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அப்பா, 'ரோட்டை மறைக்கிறது, கீழே வை' என்கிறார். கீழே வைத்தால் குனிய வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு சாண்கூட இல்லாத பொருள் எதை மறைத்துவிடப் போகிறது என்று தோன்றும். நிறுத்தியிருக்கும் வண்டியில் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவை ஒரு ஐம்பது அடி தள்ளிக் குறுக்கே மெதுவாக நடக்கச் சொல்லிப் பாருங்கள், போனுக்குப் பின்னால் வரும்போது அவர் உடம்பில் பாதி காணாமல் போய்விடும். அந்த இடத்தில் ஒரு சைக்கிள் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதற்காகக் கியர் பக்கத்திலோ மடியிலோ வைக்காதீர்கள், அது இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. குனிந்து, அம்புக்குறியைத் தேடி, நிமிர 2 விநாடி ஆனால் 33 மீட்டர் தூரம் ரோட்டைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள்.

சரியான இடம் டாஷ்போர்டின் மேல்விளிம்பை ஒட்டி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். நேராக உட்கார்ந்து பார்க்கும்போது போனின் தலை பானெட்டுக்கு மேலே எழும்பி ரோட்டை மறைக்கக் கூடாது. கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இறக்கினால் திரை தெரிய வேண்டும், முதுகு சீட்டை விட்டு வராமல் கை எட்ட வேண்டும்.

ஏர்பேக் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மேலேயோ முன்னாலேயோ மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். ஸ்டீயரிங் நடுவிலும் பக்கத்து சீட்டுக்கு எதிரிலும் இருப்பது எல்லோருக்கும் தெரியும், பல கார்களில் கதவுக்கு மேலேயும் இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தைவிட வேகமாக விரியும் அந்தப் பை, எதிரில் இருக்கும் போனை நேராக முகத்தில் எறிந்துவிடும்.

அப்புறம் பிடிமானம். ஒருமுறை நல்ல வெயிலில் என் போன் ஸ்டாண்டின் ரப்பர் கழன்று, போன் காலடியில் விழுந்து பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. மிதித்தேன், பிரேக் பாதிக்கு மேல் இறங்கவில்லை. முன்னால் வண்டி எதுவும் இல்லாததால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒட்டும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு அழுத்துகிறேன், கிளம்பும் முன் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். சொரசொரப்பான டாஷ்போர்டில் ரப்பர் நிற்காது. டாஷ்போர்டில் ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் கிளிப் பரவாயில்லை, ஆனால் கனமான போன் என்றால் தொங்கிவிடும், ஹீட்டர் போட்டால் போன் சூடாகும். சார்ஜர் ஒயர் ஸ்டீயரிங்கிலோ கியரிலோ மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், ஒலியைக் கூட்டி வையுங்கள். காது கேட்கக் கேட்கக் கண்ணுக்கு வேலை குறையும். இரவில் திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே இருட்டில் நடப்பவர் தெரிய மாட்டார். நடுவில் வழி மாற்ற வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

அப்பாவும் அதே காரை ஓட்டுவார் என்றால் அவரையும் சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு மறைக்காதது அவருக்கு மறைக்கலாம்.