பாலது ஆணையும் வள்ளியின் மறுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். தங்கள் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்து வருகிறேன். மணிக்கட்டில் ஒரே அடையாளத்தோடு பிறந்த இருவர் ஒருவருக்கொருவர் விதிக்கப்பட்டவர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். ஆனால் 14 அத்தியாயங்களாக இருவரும் விலகிக்கொண்டே இருக்கிறார்கள். நாயகி அந்த அடையாளத்தைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்க்கும் இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. எப்படியும் சேரத்தான் போகிறார்கள் என்றால் இந்த மறுப்பு எதற்கு? விதி சேர்த்து வைப்பது காதல் ஆகுமா? நானும் இப்படியொரு கதையை எழுதத் தொடங்கியிருப்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியக் களவியல், ‘பாலது ஆணையின் ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப’ என்கிறது. பால் என்பது ஊழ். தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது ஊழின் ஆணையால்தான் என்று அத்தனை உறுதியாகச் சொல்லும் அந்த நூற்பா, ‘காண்ப’ என்ற வினையோடு நின்றுவிடுவதைக் கவனியுங்கள். கூடுவர் என்று அங்கே சொல்லப்படவில்லை. அடுத்த நூற்பாவே ஐயத்தைப் பற்றியது. அதன் பிறகு அகப்பொருள் மரபு தோழியைக் குறுக்கே நிறுத்தி, அவள் தலைவனை அருகே வரவிடாமல் திருப்பியனுப்புவதற்குச் சேட்படை என்று பெயரும் கொடுத்து, அவன் மடலேறுவேன், அதாவது பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியத் தன் காதலைச் சொல்வேன், என்று சொல்லும் அளவுக்கு அலையவும் விடுகிறது. ஊழ் செய்வது ஒரு சந்திப்பை மட்டும்தான். மீதி அனைத்தையும் அந்த இருவரும்தான் செய்துகொள்ள வேண்டும் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று காட்பாடிக்கு வடக்கே மலையாகவே நிற்கிறது. என் பாட்டியின் ஊர் மேல்பாடிப் பக்கம் என்பதால் சிறுவயதில் வள்ளிமலைப் படிகளில் பலமுறை ஏறியிருக்கிறேன். வள்ளி தினைப்புனம் காத்த மலை அதுவென்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கந்தபுராணத்தின்படி வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகளான சுந்தரவல்லி. முருகனை மணக்க வேண்டும் என்று தானே தவம் செய்தவள். ஆகவே இந்த விதி வேறு யாரோ அவள்மீது சுமத்தியது அன்று, அவளே கேட்டுப் பெற்றது. ஆனால் நம்பியின் மகளாக வளர்ந்து, பரண்மேல் நின்று, கையில் கவண்கல்லோடு கிளி விரட்டும் பெண்ணுக்கு அந்தத் தவம் நினைவில் இல்லை. தன்னிடம் காதலை இரந்து நிற்பவனைப் பார்த்து, ஏனல் காக்கும் பேதையாகிய என்னை உலகாளும் நீர் விரும்புவது முறையன்று, புலி பசித்தால் புல்லையும் தின்னுமோ என்று கேட்கிறாள். தன் நிலை இன்னதென்றும் எதிரே நிற்பவனின் நிலை இன்னதென்றும் தெரிந்த ஒருத்தியின் சொல் அது. அதை வெறும் பிணக்கு என்று கொள்ள என்னால் முடியவில்லை. வள்ளி திருமணம் நாடகத்தில் இரவு முழுவதும் நீளும் தர்க்கத்துக்காகவே மக்கள் விழித்திருக்கிறார்கள். முடிவு தெரியாதவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை.

அதே கதையில் யானை வந்து அச்சுறுத்த, முதியவர் வேடத்தில் நிற்கும் முருகனிடம் வள்ளி ஓடி ஒண்டும் இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பக்தியோடு கேட்பவர்களுக்கு அது திருவிளையாடல், அவர்கள் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் இன்று மாயக் காதல் கதை எழுதுபவர்கள் அந்த யானையைத்தான் முதலில் கடன் வாங்குகிறார்கள். இவள் எனக்கென்று விதிக்கப்பட்டவள், ஆகவே கதவை அடைக்கலாம், கையைப் பிடித்து இழுக்கலாம் என்று நடந்துகொள்ளும் நாயகனை விதியின் பெயரால் மன்னித்து எழுதும் கதைகள் எனக்கு உண்மையான துயரத்தைத் தருகின்றன. நீங்கள் அப்படி எழுதிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் நாயகி புளி வைத்துத் தேய்க்கும் இடத்துக்கு வருகிறேன். முதல் வரைவில் அவள் மறுப்புக்கு நான் வைத்திருந்த காரணம், நாயகன் எப்போதோ பேசிய ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டுவிட்டாள் என்பதுதான். ஒரே உரையாடலில் தீர்ந்துவிடக்கூடிய அந்தக் காரணத்தை வைத்து மேலும் 10 அத்தியாயங்களை ஓட்ட முடியாது, ஓட்டினால் வாசகரை ஏமாற்றுவதாகும். எனவே கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். பாத்திரம் துலக்கிப் பிழைப்பவள் அவள். எந்தக் கறையும் தன் கைக்கு அடங்கும் என்பது அவள் வாழ்நாள் அனுபவம். தன் உடம்பில் தன்னைக் கேளாமல் வந்து உட்கார்ந்த ஒன்றை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் தேய்த்துப் பார்க்கிறாள். தோல் சிவக்கிறது, அடையாளம் அப்படியே இருக்கிறது. நாயகனை அவள் வெறுக்கவில்லை. அந்த அடையாளம் இல்லாமலிருந்தாலும் அவன் தன்னைத் திரும்பிப் பார்த்திருப்பானா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவனுக்கும் அதே கேள்வி இருக்கிறது, ஆனால் அவன் இன்னும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

உங்களுக்கு இதை விளக்க நான் வெகுதூரம் போகத் தேவையில்லை. கட்டம் போட்ட கைலிக்குப் பாவு தறியேறும்போதே நீளவாட்டில் எந்த நிறம் எங்கே வரும் என்பது முடிவாகிவிடுகிறது. நெசவாளரால் அதை மாற்ற முடியாது. ஆனால் அது அதுவரை வெறும் கோடுதான். ஊடை குறுக்கே ஓடி, இத்தனை இழைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால்தான் கட்டம் விழுகிறது. உங்கள் கதையில் விதியைப் பாவாக மட்டும் வையுங்கள். ஊடையைக் கொண்டு ஓடும் நாடா அந்த இருவர் கையிலும் இருக்கட்டும், அவர்கள் அதை எறியாமல் நிறுத்திவைக்கவும் இடம் கொடுங்கள்.

கதையில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நாயகி முதன்முறையாக ‘முடியாது’ என்று சொல்லும் அத்தியாயத்தை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

அன்புடன்.