அஞ்சு வருஷம்னு யாரு சொன்னது?

கேள்வி: ஐயா, இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். அஞ்சு வருஷத்துக்கு இலக்கு எழுதி செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன். யேல் யுனிவர்சிட்டியில 1953-ல படிச்சு முடிச்சவங்கள்ல இலக்கை எழுதி வெச்ச 3 சதவீதம் பேரு, இருபது வருஷம் கழிச்சு மிச்ச 97 சதவீதம் பேரோட மொத்த சொத்தை விட அதிகமா சேத்திருந்தாங்கன்னு ஒரு கூட்டத்துல கேட்டேன். எனக்கு மூணாவது மாசமே எல்லாம் தவறிப்போச்சு. இலக்கை எப்படி ஒழுங்கா பிளான் பண்றது?
(வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: தம்பி, அந்த அஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னு மொதல்ல சொல்லு. ஏன் நாலு இல்ல, ஏன் ஏழு இல்ல? இந்தியா 1951-ல மொத அஞ்சாண்டு திட்டம் போட்டுச்சு, அது ஒரு நாட்டுக்குப் போட்ட கணக்கு. அந்த நாடே சீனா சண்டை, பாகிஸ்தான் சண்டை, அதுக்கு மேல மழையும் பொய்ச்சுப்போச்சுன்னு 1966-லேருந்து 69 வரைக்கும் அஞ்சை ஓரமா வெச்சுட்டு வருஷா வருஷம் திட்டம் போட்டு ஓட்டுச்சு. பன்னெண்டாவது திட்டம் 2017 மார்ச்சோட முடிஞ்சுது, பதிமூணாவதுன்னு ஒண்ணு வரவேயில்ல. கவர்மென்டே இறக்கி வெச்ச மூட்டையை இருபத்திரெண்டு வயசு புள்ளைங்க தலையில யாரு ஏத்தறாங்க? இன்டர்வியூவுல "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பே"ன்னு கேக்கறாங்களே, அந்தக் கேள்விதான் ஏத்துது. அதுக்கு பதில் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோ, ஆனா அதையே வாழ்க்கைக்கு அளவா எடுத்துக்காதே.

அந்த யேல் கதை பொய். அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லன்னு யேல் யுனிவர்சிட்டியே சொல்லிடுச்சு. இதை நான் இந்தப் பக்கத்துல முன்னாடியே எழுதினேன், அப்போ ஒரு கோச்சிங் சென்டர்காரங்க ஆபீசுக்கே வந்து "பசங்களுக்கு ஊக்கம் குடுக்கற கதையை ஏன் சார் கெடுக்கறீங்க"ன்னு சண்டை புடிச்சாங்க. எனக்கு இன்னும் அந்தக் கோவம் அடங்கல. பொய்யை நம்பி எழுதி ஒட்டின புள்ள, மூணு மாசத்துல தவறினதும் "நாம அந்த 97-ல சேந்தவன்போல"ன்னு ஒடைஞ்சு போறான் பாரு, அதுக்கு அவங்க யாரும் பொறுப்பு ஏத்துக்கறதில்ல. நீ எந்தக் கணக்குலயும் தோக்கல தம்பி, ஏன்னா அப்படி ஒரு கணக்கே இல்ல.

நெஜமா நடந்த ஆய்வு ஒண்ணு சொல்றேன். 1994-ல வெளியான கனடா ஆய்வு. கடைசி வருஷ பசங்க கிட்ட உங்க தீசிஸ் எப்ப முடியும்னு கேட்டாங்க, சராசரியா 33.9 நாள்னு சொன்னாங்க. சரி, எல்லாமே சொதப்பினா எத்தனை நாள் ஆவும்னு கேட்டாங்க, 48.6-ன்னாங்க. ஆனது 55.5 நாள்! மோசமா போனா இவ்வளவுன்னு பயந்து சொன்ன கணக்கையே தாண்டிடுச்சு. அதனால உன் மனசு சொல்ற நாளை நம்பாதே. போன செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு எத்தனை நாள்னு நெனச்சே, எத்தனை நாள் இழுத்துச்சு, அந்த நெஜக் கணக்கை எடுத்து பக்கத்துல வெச்சுக்கோ.

எங்க தாத்தாவுக்கு அணைக்கட்டு பக்கம் கொஞ்சம் கழனி, கொஞ்சம் கொல்லை. ஆடியில மழை விழுந்தா கொல்லையில மல்லாட்ட போட்டுடுவார். ஐப்பசி கார்த்திகையில ஏரியைப் போய் பாப்பார். ரொம்பி கோடி போனா கழனியில நெல்லு, பாதி ரொம்பியிருந்தா கேவுரு, காலியா கெடந்தா கொள்ளு. மூணும் அவர் மனசுல முன்னாடியே இருக்கும், வரப்புல உக்காந்து யோசிச்சுக்கினு இருந்ததை நான் பாத்ததே இல்ல, அன்னைக்கே விதையை எடுக்கப் போயிடுவார். கொள்ளு வெதைச்ச வருஷம் "திட்டம் ஃபெயிலாயிடுச்சு"ன்னு எங்க வீட்ல யாரும் சொன்னதில்ல, அந்த வருஷம் கொள்ளு ரசம், அவ்வளவுதான். பின்னாடி ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் பீட்டர் கோல்விட்சர் 1999-ல எழுதினதைப் படிச்சப்போ எனக்கு ஏரிக்கரைதான் ஞாபகம் வந்துச்சு: "இது நடந்தா நான் இதைச் செய்வேன்"னு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வெச்சவங்க, வெறும் ஆசையை மட்டும் வெச்சிருக்கறவங்களை விட அதிகமா செஞ்சு முடிக்கறாங்கன்னு காட்டினவர் அவர். உன் செவுத்துல ஒட்டினதுல நெல்லு மட்டும்தானே இருக்கு? கேம்பஸ்ல கெடைக்கலன்னா இன்னா, அரியர் விழுந்தா இன்னா, வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம போயி நீ ஊர்லயே தங்கவேண்டியதானா இன்னா? அந்த வரியெல்லாம் எங்க?

வேலூர்ல இருந்துக்கினு, சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டரம்மா ஐடா ஸ்கடரைப் பத்திப் பேசாம எப்படி. 1900-ல அப்பா வீட்ல ஒத்த பெட்டோட ஒரு டிஸ்பென்சரி. 1902-ல 40 பெட் ஆஸ்பத்திரி. 1909-ல நர்ஸிங் பள்ளி. 1918-ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் பள்ளி, அப்போ மூணு பேர் விண்ணப்பம் போட்டாலே பெருசுன்னு அதிகாரிங்க சொல்ல, 151 பேர் போட்டாங்க. நடுவுல இருக்கற எடைவெளியைப் பாரு: ரெண்டு வருஷம், ஏழு வருஷம், ஒம்பது வருஷம். ஆஸ்பத்திரி ரொம்பினதுக்கு அப்புறம்தான் நர்ஸுங்க போதலன்னு தெரியும், நர்ஸுங்க வந்ததுக்கு அப்புறம்தான் டாக்டர் போதலன்னு தெரியும்னு நான் இதைப் படிக்கிறேன். இன்னைக்கு சிஎம்சி முன்னாடி ரோட்டைத் தாண்ட பத்து நிமிஷம் ஆவுது, அந்தக் கூட்டம் 1900-ல எந்த நோட்டுலயும் இருந்திருக்காது.

அந்த அட்டையைக் கிழிச்சுடு. வர்ற ஆறு மாசத்துக்கு மட்டும் ஒரு போஸ்ட் கார்டுல எழுது, நெல்லு ஒரு வரி, கேவுரு ஒரு வரி, கொள்ளு ஒரு வரி, கீழ அந்த மினி ப்ராஜெக்ட் நெஜமா இழுத்த நாள் எத்தனைன்னு போட்டு எனக்கு அனுப்பு. நான் படிச்சுட்டு பதில் போடறேன்.