நெட் வேகமாகத்தான் இருக்கிறது, ஓசூர் நண்பனின் குரல் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். பத்தாவது முடித்த மகனுக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கிக் கொடுத்தோம். போன மாதம் பழைய நெட் இணைப்பை விட்டுவிட்டு ஏரியா கேபிள்காரரிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தோம். கேம் நன்றாக டவுன்லோடு ஆகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் சேர்ந்து ஆடும்போது சென்னை நண்பன் பேசுவது கேட்கிறது, ஓசூர் நண்பன் பேசுவது கேட்பதில்லை. அவனோடு சில ஆட்டங்களில் சேரவும் முடிவதில்லை. டெஸ்ட் போட்டால் 'நாட் டைப் 3' என்று வருகிறது. கேபிள்காரர் ஸ்பீடு டெஸ்ட்டைக் காட்டி, "எங்க பக்கம் எல்லாம் சரி, உங்க பெட்டியிலதான் கோளாறு" என்கிறார். டிஎன்எஸ் மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு கேமிங் ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான் மகன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏழாயிரம் செலவழித்த பிறகும் அதே டைப் 3 வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், சென்னை நண்பனின் குரல் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. கன்சோல், மைக், கணக்கு மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். யாருடைய குரலுமே கேட்கவில்லை என்றால் நான் முதலில் நெட்டைப் பார்க்கவே மாட்டேன். பெற்றோர் கட்டுப்பாட்டைத்தான் பார்ப்பேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கணக்கில், குடும்ப மேலாளர் அனுமதித்தால்தான் மற்றவர்களோடு பேச முடியும். அந்த அனுமதி கொடுக்கப்படாமலேயே பல வீடுகளில் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இல்லாததால்தான் குரல் வரவில்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான ஆட்டங்களை ஆன்லைனில் ஆடத்தான் சந்தா தேவை, நண்பர்களோடு பேசுவதற்குத் தேவையில்லை.

சரி, டைப் 3 என்றால் என்ன? இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பழைய முறை (IPv4) ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் உலக மண்டலங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் பகுதியில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே ரேஷன் ஆரம்பமாகிவிட்டது. அதனால் உங்கள் வீட்டு போன், டிவி, கன்சோல் எல்லாம் வெளியுலகுக்கு ஒரே முகவரியில்தான் தெரிகின்றன. உள்ளே எது யாருடையது என்று பிரித்துக் கொடுக்கும் வேலைதான் நாட். அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி மாதிரி. நீங்கள் வரச்சொன்ன ஆளை உள்ளே விடுவார், யாரும் சொல்லாமல் வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

யூடியூப் பார்க்கும்போது கேட்பது நீங்கள், வருவது பதில். அதனால் தடையே இல்லை. ஸ்பீடு டெஸ்ட்டும் அப்படித்தான், கேபிள்காரர் நூறு காட்டியதும் பொய்யில்லை. இரண்டு வீட்டுக் கன்சோல்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும்போதுதான் சிக்கல். அப்போது இரண்டு பக்கமும் 'யாரும் சொல்லாமல் வருகிற ஆள்'தான்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. உங்கள் கன்சோல் வெளியே உள்ள ஒரு சர்வரிடம், பொதுவாக 3478 என்ற போர்ட்டில் (போர்ட் என்பது ஒரு முகவரிக்குள் இருக்கும் கதவு எண் மாதிரி), "நான் உனக்கு எந்த முகவரியில், எந்த எண்ணில் தெரிகிறேன்?" என்று கேட்கும். கிடைத்த பதில் நண்பனின் கன்சோலுக்குப் போகும். அவனுடையது இங்கே வரும். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கூப்பிடும். நாம் கூப்பிட்ட ஆள்தானே என்று இரண்டு ரவுட்டரும் வழிவிட்டுவிடும். இது பலிக்க ஒரு நிபந்தனை: சர்வரிடம் பேசும்போது கொடுத்த அதே வெளி எண்ணை, நண்பனிடம் பேசும்போதும் உங்கள் பக்கம் வைத்திருக்க வேண்டும். சில கருவிகள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு எண்ணைக் கொடுக்கும். அப்போது நண்பனிடம் சொன்ன எண் செல்லாக்காசாகிவிடும். டைப் 3 பெரும்பாலும் இந்தக் கதைதான். எக்ஸ்பாக்ஸில் இதையே 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டும்.

எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் டைப் 3 கூடச் சமாளித்துவிடும். இரண்டு பக்கமும் டைப் 3 என்றால் பேச்சே எழாது. சென்னைப் பையன் வீட்டில் டைப் 2 (ரவுட்டர் வழியாகத் தடையில்லாமல் இணைவது) இருக்கும், ஓசூர்ப் பையன் வீட்டிலும் உங்களைப் போலவே டைப் 3 இருக்கும் என்பது என் ஊகம். அவனையும் டெஸ்ட் போடச் சொல்லுங்கள்: செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ், அதில் டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன். அவன் வீட்டில் சரிசெய்வது சுலபம் என்றால் உங்கள் வீட்டில் கை வைக்காமலேயே பிரச்சினை தீரலாம்.

இனி உங்கள் வீடு. இணைப்பு மாற்றியவர்கள் வீட்டில் நான் முதலில் தேடுவது இரண்டாவது பெட்டியைத்தான். ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று புதிதாக வந்திருக்கும். பழைய ரவுட்டரையும் வீணாக்க மனமில்லாமல் அதில் செருகி வைத்திருப்பீர்கள். இரண்டுமே நாட் வேலையைச் செய்தால் கன்சோல் இரண்டு கேட்டைத் தாண்ட வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கன்சோல் இணைந்திருக்கும் ரவுட்டரின் பக்கத்தை போன் பிரவுசரில் திறங்கள் (முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்). அதில் 'வான்' (WAN, வெளி இணைப்பு) அல்லது 'இன்டர்நெட்' என்ற தலைப்பில் ஓர் ஐபி முகவரி தெரியும். அது 192.168 என்று ஆரம்பித்தால் இரண்டு கேட் உறுதி. பழைய ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் அது செய்யட்டும். அப்புறம் ஃபைபர் பெட்டியில் யூபிஎன்பி என்ற வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ள அதுதான் வழி. எல்லாவற்றையும் அணைத்து, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து முதலில் ஃபைபர் பெட்டி, பிறகு ரவுட்டர், கடைசியில் கன்சோல் என்று போட்டு மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். டைப் 2 வந்தால் வேலை முடிந்தது. டைப் 1 (ரவுட்டரே இல்லாத நேரடி இணைப்பு) வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால் கண்டுகொள்ளாதீர்கள். ரவுட்டர் வழியாக வரும் எந்த வீட்டுக்கும் டைப் 2 போதும்.

வீட்டில் ஒரே பெட்டிதான், ஆனாலும் டைப் 3 என்றால், தடுக்கும் கேட் பெரும்பாலும் உங்கள் வீட்டில் இருக்காது, கேபிள்காரர் பக்கம்தான் இருக்கும். இதையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதே 'வான்' முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இருந்தபடி 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால், உங்களையும் அக்கம்பக்கத்தில் பல வீடுகளையும் சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கும் முகவரிகளை 2012-இல் இந்த வேலைக்காகவே ஒதுக்கினார்கள். சிலர் 10 என்று தொடங்கும் முகவரியையும் தருவார்கள். இதற்கு 'கேரியர் கிரேடு நாட்' என்று பெயர், நெட் ஆட்கள் 'சிஜிநாட்' என்பார்கள். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. முகவரி பற்றாக்குறைக்கு பெரிய கம்பெனிகளும் இதையே செய்கின்றன. சிஜிநாட் இருந்தாலே டைப் 3 தான் என்றும் கிடையாது, ஒழுங்காக அமைத்த இடங்களில் அதற்குப் பின்னாலும் டைப் 2 வருகிறது. அமைத்த விதம்தான் விஷயம்.

கேமிங் ரவுட்டர் ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும். உங்கள் வாசலில் நிற்பதைத்தான் அது மாற்றும், கேபிள்காரர் அறையில் இருக்கும் கருவியைத் தொடக்கூட முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கும் (குறிப்பிட்ட போர்ட்டுக்கு வருவதைக் கன்சோலுக்குத் திருப்பி விடும்படி ரவுட்டரில் அமைப்பது) அப்படித்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து 3478, 3479 என்று எண்களை அடித்தாலும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தால் ஒன்றும் நகராது. டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் டைரக்டரி. 8.8.8.8, 1.1.1.1 எது போட்டாலும் நாட் வகை மாறாது. எம்டியு அளவை (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அளவு) 1473 என்று வை என்று ஒரு மந்திரம் வீடியோக்களில் சுற்றுகிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

கேபிள்காரரிடம் "நெட் சரியில்லை" என்று சொன்னால் மறுபடி ஸ்பீடு டெஸ்ட்டைத்தான் காட்டுவார். "எங்களுக்கு சிஜிநாட் வேண்டாம், பப்ளிக் ஐபி வேண்டும்" என்று கேளுங்கள். கடைப் பையனுக்குப் புரியவில்லை என்றால், அவர்கள் நெட் வாங்கும் மேல் கம்பெனியின் டெக்னிக்கல் ஆளின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) என்று மாதக் கட்டணம் சொல்வார்கள். உங்களுக்கு ஸ்டாட்டிக் அவசியமே இல்லை, அவ்வப்போது மாறினாலும் பொது முகவரியாக இருந்தால் போதும். அது கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் ஸ்டாட்டிக்குக்குக் காசு கொடுக்கலாம். மாற்றிக் கொடுத்ததும் 'வான்' முகவரியையும் தளம் காட்டுவதையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பொது முகவரி வந்த பிறகும் டைப் 3 என்றால்தான் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வேலை. முதலில் கன்சோலுக்கு ரவுட்டரில் நிலையான உள் முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். பிறகு ரவுட்டர் கேட்கும் இரண்டு அனுப்பும் முறைகளில், டிசிபியில் 3478 முதல் 3480 வரையும், யூடிபியில் 3478, 3479 இரண்டையும் அந்த முகவரிக்குத் திருப்பி விடுங்கள். யாராவது 'டிஎம்ஸெட்டில் (ஓர் உள் முகவரிக்கு எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடும் ரவுட்டர் வசதி) போடு, எல்லாம் திறந்துவிடும்' என்பார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. நாளைக்குக் கன்சோலின் உள் முகவரி மாறி, அதே எண் வீட்டு கேமராவுக்கோ பழைய லேப்டாப்புக்கோ போனால், திறந்து கிடப்பது அதுவாகிவிடும்.

இடையில் இன்னொன்று. கன்சோல் கூடத்திலும் ரவுட்டர் படுக்கையறையிலும் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு 'கேட் 6' (Cat 6) நெட்வொர்க் கேபிள் வாங்கி நேராக இழுத்துவிடுங்கள். ஏழாயிரத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. நாட் வகை அதனால் மாறாது, ஆனால் ஆட்டம் திக்குவது குறையும். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் கதவிடுக்கில் போகிற தட்டைக் கேபிளும் கிடைக்கிறது. வைஃபைதான் என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். அபார்ட்மென்ட்களில் 2.4 அலைவரிசை சந்தைக்கடை மாதிரி. சிங்கப்பூர் சர்வரில் பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) அதிகமாக வருகிறது என்று மகன் அடுத்துப் புகார் சொன்னால், அதற்கு ரவுட்டரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போய்த் திரும்ப ஆறாயிரம் கிலோமீட்டர் என்றால் அதற்கே முப்பது மில்லி செகண்டு ஆகிவிடும். ஆட்டத்தில் மும்பை சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேபிள்காரர் பப்ளிக் ஐபி தரவே முடியாது என்று கைவிரித்தால் வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆனால் பெங்களூரில் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்வது சகஜம். கட்டிய பிறகு கேட்டால் பதில் வராது. பணம் கட்டுவதற்கு முன்பே 'வீட்டு இணைப்புக்கு சிஜிநாட்டா, பப்ளிக் ஐபியா' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.