தென் கரோலினா பிரைமரி: எந்தக் கவுன்டி யார் பக்கம்? கேள்வி பதில்

ஒவ்வொரு பிரைமரிக்கு (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) முன்னாலும் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தின் 46 கவுன்டிகளையும் (நம் மாவட்டம் போன்றவை) எக்ஸெல்லில் போட்டுக் கணக்குப் பார்ப்பது என் பழக்கம். 2024இல் டிரம்பும் நிக்கி ஹேலியும் மோதிய குடியரசுக் கட்சிப் பிரைமரி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: பிரைமரியில் கட்சிக்காரர்கள் மட்டும்தானே ஓட்டுப் போட முடியும்?

அங்கே வாக்காளர்களைக் கட்சி வாரியாகப் பதிவு செய்வதே இல்லை. யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம், இரண்டிலும் போட முடியாது, அவ்வளவுதான். 2024இல் ஜனநாயகக் கட்சிக்குப் பிப்ரவரி 3, குடியரசுக் கட்சிக்குப் பிப்ரவரி 24. பிப்ரவரி 3 அன்று பைடனுக்குச் சரியான போட்டியே இல்லாததால் 1.3 லட்சம் பேர் மட்டும்தான் வந்தார்கள். வராதவர்கள் எல்லோருக்கும் 24ஆம் தேதி கதவு திறந்திருந்தது. அன்று பதிவானது 7.5 லட்சத்துக்கும் மேல். கணிப்பவனுக்குத் தலைவலி இங்கேதான்: யாருக்குப் போடுவார்கள் என்பதற்கு முன்னால், யார் வருவார்கள் என்று தெரிய வேண்டும்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவீர்கள்? கருத்துக்கணிப்பா?

இல்லை. கவுன்டிக்குக் கவுன்டி கருத்துக்கணிப்பு யாரும் எடுப்பதில்லை. பழைய முடிவுகள்தான் ஆரம்பம். 2012 குடியரசுக் கட்சிப் பிரைமரியில் வேட்பாளர் கிங்ரிச் 43 கவுன்டிகளை அள்ளினார். அவரை எதிர்த்த ராம்னிக்குக் கிடைத்தவை மூன்று: சார்ல்ஸ்டன், ப்யூஃபர்ட், ரிச்லேண்ட். 2016இல் டிரம்புக்கு 44. போட்டியாளர் ரூபியோவுக்கு ரிச்லேண்டும் சார்ல்ஸ்டனும். 2024இல் ஹேலி வென்ற மூன்றும், பார்த்தால், ராம்னியின் அதே மூன்று! ஆள் மாறினாலும் இடம் மாறவில்லை. பட்டதாரிகள், கொஞ்சம் வசதி, வெளி மாநிலத்திலிருந்து குடிவந்தவர்கள், இவை மூன்றும் கூடுகிற இடங்கள் அவை. ரிச்லேண்டில்தான் தலைநகர் கொலம்பியாவும் மாநிலப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அந்தக் கவுன்டி பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சிக் கோட்டை. அங்கே குடியரசுக் கட்சிப் பிரைமரிக்கு வருகிறவர் வேறு ரகம்.

கேள்வி: ஓய்வு பெற்று வடக்கிலிருந்து வந்தவர்கள் மிதவாதிகளுக்குத்தானே போடுவார்கள்? அப்படியானால் ஹோரி கவுன்டி ஏன் டிரம்ப் பக்கம்?

முதலில், அது ஹோரி இல்லை, ‘ஓரி’. உள்ளூர்க்காரர்கள் முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.

கேள்வி நல்ல கேள்வி. ப்யூஃபர்ட், ஓரி இரண்டுமே கடற்கரை, இரண்டிலும் வடக்கத்தி ஓய்வூதியர்கள் கூட்டம். எக்ஸெல்லில் வயதையும் ‘வெளியூர்க்காரர்’ என்பதையும் மட்டும் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் ப்யூஃபர்டில் இருப்பது ஹில்டன் ஹெட் தீவு: கோல்ஃப் மைதானம், வாயிற்காவல் போட்ட குடியிருப்பு, பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரியில் இருப்பது மர்ட்டில் பீச். அங்கே வந்து சேர்கிறவர்களில் வேலைக்காரக் குடும்பங்கள் அதிகம், பட்டம் வாங்கியவர்கள் குறைவு. 2016இல் ஆறு பேர் போட்டியிட்டபோதே டிரம்ப் ஓரியில் ஏறக்குறைய பாதி ஓட்டை வாங்கினார். மாநிலம் முழுவதும் அவருக்கு 32.5 சதவீதம்தான். எனவே வயதை விட்டுவிட்டுப் படிப்பைப் பாருங்கள்.

கேள்வி: ஹேலி ஆறு வருடம் கவர்னராக இருந்த மாநிலம் ஆயிற்றே. சொந்த ஊராவது கைகொடுக்கவில்லையா?

கொடுக்கவில்லை. பிறந்து வளர்ந்த பாம்பெர்க்கும் போயிற்று, சட்டமன்றத்துக்கு அவரை அனுப்பிய லெக்சிங்டனும் போயிற்று. நானும் இதில் சறுக்கினேன். சொந்தத் தொகுதி என்று லெக்சிங்டனில் அவருக்குக் கூடுதலாகச் சில புள்ளிகள் போட்டு வைத்திருந்தேன். அவர் எதிர்த்து நின்ற ஆள் ஏற்கனவே ஜனாதிபதியாக இருந்தவர் என்பதை மறந்துவிட்டேன்.

கேள்வி: அலண்டேல் மாதிரிக் குட்டிக் கவுன்டிகளை எப்படிக் கணிப்பது?

கணிக்காதீர்கள். குடியரசுக் கட்சிப் பிரைமரியில் சில நூறு ஓட்டு விழுகிற இடத்தில் இரண்டு பெரிய குடும்பம் மனம் மாறினாலே சதவீதம் ஆடும். அந்த நேரத்தைக் கிரீன்வில் மாதிரிப் பெரிய கவுன்டிக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: 2024இல் வாக்குப்பதிவு முடிந்த 7 மணிக்கே அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் டிரம்ப் வென்றார் என்று சொல்லிவிட்டதே. அப்புறம் கவுன்டி கணக்கு எதற்கு?

ஒருதலையான போட்டியில் வெற்றியாளரைத் தெரிந்துகொள்ள அது தேவையில்லை. வித்தியாசத்தைப் பிடிக்கத் தேவை. மாநில அளவில் ஹேலி 40 சதவீதம் எடுத்தால் ஒவ்வொரு கவுன்டியிலும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பேன். உதாரணத்துக்கு ஒரு கவுன்டியில் 50 என்று எழுதியிருக்கிறேன், வந்தது 45 என்றால், மாநிலத்திலும் 35 பக்கம் போகலாம் என்று சந்தேகப்படுவேன். ஆனால் முதலில் வருவது முன்கூட்டியே போட்ட ஓட்டா, அன்றைய தின ஓட்டா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பாதிக் கவுன்டியை வைத்து முழுக் கவுன்டியை எடை போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கடைசியில் டிரம்ப் 59.8, ஹேலி 39.5.

கேள்வி: 46இல் 43 சரியாகச் சொன்னால் பெரிய கெட்டிக்காரத்தனம்தானே?

கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் டிரம்ப் என்று எழுதியிருந்தாலே 43 சரி! 2020 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் இன்னும் சுலபம், பைடன் 46ஐயும் வென்றார். அதனால்தான் வென்றவர் பெயரை நான் மதிப்பெண்ணாக எடுப்பதில்லை, எத்தனை புள்ளி தவறினேன் என்றுதான் பார்ப்பேன். இன்னொன்று, தப்பு கூட்டமாக வரும். சார்ல்ஸ்டனில் தவறினால் ப்யூஃபர்டிலும் அதே பக்கம் தவறியிருப்பீர்கள்.

கேள்வி: மூன்று கவுன்டி வென்று ஹேலிக்கு என்ன கிடைத்தது?

கவுன்டிக்கு என்று எதுவும் இல்லை. மொத்தம் 50 பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்): மாநிலத்தில் முதலில் வருபவருக்கு 29, ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்கு 3. சார்ல்ஸ்டன் கடற்கரையும் ப்யூஃபர்டும் அடங்கிய 1ஆம் தொகுதியில் ஹேலி முந்தினார். ஆக அவருக்கு 3, டிரம்புக்கு 47. ரிச்லேண்ட் வெற்றி வரைபடத்தில் நிறம் மாற்றியதோடு சரி.